கான்தால் எரிமலையில் அமைதியான சாலைகளில் சைக்கிள் பயணம்: வழி போடுவதிலிருந்து இறங்கி வருவது வரை

பிரான்ஸின் நடுப்பகுதியில், ஓவெர்ன் வட்டாரத்தின் தென்மேற்கில் கான்தால் இருக்கிறது. எப்போதோ அணைந்துபோன, சுமார் 70 கி.மீ. குறுக்களவுள்ள ஒரே எரிமலை. இப்போது அதன் மேல் ஊர்கள், மாட்டுப்பட்டிகள், கணவாய்கள், வண்டியே வராத சிறு சாலைகள். சாலை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு நல்ல இடம்தான். ஆனால் முதல் முறை வருபவர்களில் பலர் லாரி ஓடும் நெடுஞ்சாலையில் பாதி நாளைக் கழித்துவிட்டு, மீதி நாளில் கணக்கில் வராத ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கால் பலம் இல்லாததால் அப்படி ஆவதில்லை. திட்டத்தை எந்த வரிசையில் போட்டார்கள் என்பதில்தான் கோளாறு. தங்குமிடத்தை முதலில் பிடித்து, வழியைக் கடைசியில் போடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் செய்து பாருங்கள்.

## 1. முதலில் மலையின் வடிவத்தைப் பாருங்கள்

வரைபடத்தை விரித்ததும் ஊர்ப் பெயர்களைத் தேட வேண்டாம். ஆறுகளைப் பாருங்கள். புய் மாரி சிகரத்தைச் சுற்றியுள்ள நடுப்பகுதியிலிருந்து செர், ஜோர்தன், மரோன், மார்ஸ், அலஞோன் என்று ஆறுகள் எல்லாத் திசைக்கும் பிரிந்து ஓடும். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்கள் அச்சிலிருந்து கிளம்புகிற மாதிரிதான். ஒவ்வொரு ஆரக்காலும் ஒரு ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே உயர்ந்த முகடு. வெளிப்புறம் போகப் போக அந்த முகடு அகன்று, லேசாகச் சரிந்த புல்வெளி மேட்டுநிலமாகிவிடும். எரிமலைக் குழம்பு பரவி இறுகிய அந்த மேட்டுநிலத்துக்கு அந்த ஊரில் பிளானெஸ் என்று பெயர்.

இதைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளத்தாக்கு வழியாக நடுப்பகுதியை நோக்கிப் போகும் சாலை வெகு தூரம் மெல்ல ஏறும், கடைசியில் திடீரென்று நிமிரும். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்குக்குத் தாவும் சாலை குட்டையாக இருக்கும், ஆனால் செங்குத்து. பிளானெஸ் மேல் போகும் சாலை நீளமானது, அலையலையாக ஏறி இறங்கும், காற்று அடிக்கும், வண்டி குறைவு. ஒரு நாளுக்கான வழியில் இந்த மூன்றில் எது எவ்வளவு வருகிறது என்று பார்த்தாலே அந்த நாள் எப்படிப் போகும் என்று பாதி தெரிந்துவிடும்.

புதியவர்கள் செய்யும் தவறு, பள்ளத்தாக்குகளைக் குறுக்கே வெட்டி ஒரு வட்டம் போடுவது. வரைபடத்தில் சின்ன வட்டமாகத் தெரியும். ஓட்டும்போது ஒவ்வொரு முகட்டுக்கும் 300, 400 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு முகட்டைத் தாண்டினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் நன்றாகப் பழகியிருந்தால் இரண்டு.

## 2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

நடு மலையைக் கடக்கும் முக்கியக் கணவாய் பா த பெய்ரோல். உயரம் 1,588 மீட்டர். மாசிஃப் சென்ட்ரால் மலைத்தொகுதியிலேயே தார்ச்சாலை கடக்கும் மிக உயரமான கணவாய் இதுதான். பனிக்காலத்தில் சாலையை மூடிவிடுவார்கள். பொதுவாக நவம்பரில் மூடினால் மே மாத வாக்கில்தான் திறப்பார்கள், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஏப்ரல் இறுதியில் கீழே பூத்துக் குலுங்குவதைப் பார்த்து மேலே கிளம்பிவிட்டு, தடுப்புக் கட்டையிலிருந்து திரும்பி வருபவர்கள் ஏராளம். மாவட்ட நிர்வாகத்தின் சாலை நிலவர அறிவிப்பில் கணவாய் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

என் தேர்வு ஜூன் முதல் மூன்று வாரம், இல்லையென்றால் செப்டம்பர். ஜூனில் பகல் நீளம், புல் பச்சை, விடுமுறைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. ஜூலை, ஆகஸ்டில் காலை பத்து மணிக்கு மேல் பா த பெய்ரோலுக்குக் கார்கள் வரிசையாக ஏறும். அப்போதுதான் வர முடியும் என்றால் வரலாம், ஆனால் கணவாயை ஒன்பது மணிக்குள் தாண்டிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் மோட்டார் சைக்கிள்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். அன்றைக்குப் பிளானெஸ் பக்கம் போய்விடுங்கள்.

## 3. தங்கும் ஊர்: ரயில் நிற்கும் இடமாக இருக்கட்டும்

கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து ஒரியாக் போகும் வட்டார ரயில் இந்த எரிமலையைக் குறுக்கே கடக்கிறது. முரா, ல லியோரான், விக்-சுர்-செர் எல்லாம் அதில் நிற்கும் ஊர்கள். இந்த ரயில்தான் உங்கள் திட்டத்தின் முதுகெலும்பு. ஏன் என்று ஆறாவது பகுதியில் தெரியும்.

முதல் பயணத்துக்கு முராவைச் சொல்வேன். ஏற்கெனவே 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் கணவாய்களுக்கு ஏற்றம் மிச்சம். ரொட்டிக் கடை, மளிகை, மருந்துக்கடை எல்லாம் நடக்கும் தூரத்தில். வடக்கே ஒரு கணவாய், தெற்கே ஒரு கணவாய். சலேர்ஸ் அழகான ஊர்தான், ஆனால் ரயில் கிடையாது, கோடையில் சுற்றுலா பஸ் கூட்டம் அதிகம். இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸிலிருந்து வருவதானால் பெர்சி நிலையத்தில் கிளெர்மோன்-ஃபெரானுக்கு நேரடி ரயில் உண்டு. அதில் சைக்கிளுக்குத் தனி முன்பதிவு கட்டாயம், இடங்களும் கொஞ்சம்தான். உங்கள் இருக்கையை எடுக்கும் அதே நேரத்தில் சைக்கிள் இடத்தையும் எடுத்துவிடுங்கள். வட்டார ரயிலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சில நேரங்களில் ரயிலுக்குப் பதில் பஸ் ஓட்டுவார்கள். அட்டவணையில் பஸ் என்று சின்னதாகப் போட்டிருக்கும். பஸ்ஸில் சைக்கிளை ஏற்றுவார்கள் என்று நம்ப முடியாது.

## 4. அமைதியான சாலையை வரைபடத்தில் கண்டுபிடிப்பது

இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். செயலியில் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் போட்டால் பெரும்பாலும் அது உங்களை என்122 (N122) நெடுஞ்சாலைக்குத் தள்ளும். முராவையும் ஒரியாக்கையும் இணைக்கும் பிரதான சாலை அது. லாரி, வேன், அவசரக்காரர்கள் எல்லாரும் அதில்தான். அதனால் கையால் வழி போடுங்கள்.

அ. எண்ணுக்கு முன் இருக்கும் எழுத்து. பிரான்ஸில் 'என்' (N) என்றால் தேசிய நெடுஞ்சாலை, 'டி' (D) என்றால் மாவட்டச் சாலை, 'சி' (C) என்றால் ஊராட்சிச் சாலை. 'என்' சாலைகளை அடித்துவிடுங்கள். டி சாலைகளில் எண்ணை வைத்து எடைபோடலாம். ஒற்றை இலக்கம், இரட்டை இலக்கம் பெரும்பாலும் ஊர்களை இணைக்கும் முக்கியச் சாலை, மூன்று இலக்கம் பெரும்பாலும் கிளை. இது உத்தேசம்தான். புய் மாரிக்கு ஏறும் டி680 மூன்று இலக்கம், ஆனால் ஆகஸ்டில் அதில் கார் நிற்க இடமிருக்காது.

ஆ. நிறம். மிஷலின் அச்சு வரைபடம் ஒன்று வாங்குங்கள். 1:150,000 அளவில் வரும் உள்ளூர் வரைபடம் போதும். சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் அடுத்தது, வெள்ளை சிறு சாலை. உங்களுக்கு வேண்டியது வெள்ளை. மஞ்சள் வந்தால் அதன் நீளத்தைப் பாருங்கள். சாலை ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று அர்த்தம். அதே காரணத்துக்காகக் கார்காரர்களும் வருவார்கள் என்றும் அர்த்தம்.

இ. அம்புக்குறி. அதே வரைபடத்தில் சாலை மேல் குட்டி அம்புக்குறிகள் இருக்கும். ஒன்று இருந்தால் சரிவு 5 முதல் 9 சதவீதம், இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் 13க்கு மேல். அம்பு நோக்கும் பக்கம்தான் ஏற்றம். மூன்று அம்பு உள்ள இடத்தை எந்தத் திசையில் கடக்கப் போகிறோம் என்று பென்சிலால் குறித்துவையுங்கள்.

ஈ. நடுக்கோடு. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சந்தேகம் உள்ள சாலையைத் தெருக் காட்சிப் படத்தில் திறந்து, சாலை நடுவே வெள்ளைக் கோடு போட்டிருக்கிறதா பாருங்கள். கோடு இல்லையென்றால் இரண்டு கார் தாராளமாக விலகிப்போகும் அகலம் இல்லை என்று பொருள். அவசரத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். கோடும் இருந்து, ஓரத்தில் இரும்புத் தடுப்பும் நீளமாகப் போனால் வேறு வழி தேடுங்கள். படத்தில் நடுவே புல் முளைத்திருந்தால் அமைதிக்குக் குறைவிருக்காது, தார் இருக்குமா என்பதுதான் கேள்வி. அடுத்த வளைவு வரை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உ. சைக்கிள் செயலிகளின் வெப்ப வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். சைக்கிள்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று அது காட்டும், எங்கே கார் இல்லை என்று காட்டாது. புகழ்பெற்ற கணவாய்கள் அதில் பளிச்சென்று எரியும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் காலிச் சாலை இருட்டாகவே கிடக்கும்.

வழியை முடித்ததும் செயலியில் ஏற்றி, இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள் பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு.

## 5. கிலோமீட்டரை விடுங்கள், ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்

சமவெளியில் தினமும் 100 கி.மீ. ஓட்டுபவர் இங்கே வந்து 100 கி.மீ. திட்டம் போடுவார். ஐம்பதிலேயே ஒடுங்கிவிடுவார். இங்கே அளவுகோல் மொத்த ஏற்றம். மலை பழக்கமில்லாதவர்கள் முதல் நாளில் 500 மீட்டர், பிறகு ஒரு நாளைக்கு 800லிருந்து 1,200 வரை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, சராசரிச் சரிவு ஏமாற்றும். மேற்கிலிருந்து பா த பெய்ரோலுக்கு ஏறும் கடைசிப் பகுதி 5.4 கி.மீ., சராசரி 8.1 சதவீதம். கேட்க ஏறிவிடலாம் போலிருக்கும். ஆனால் முதல் பாதி மென்மையாகப் போய், கடைசி 2 கி.மீ. முழுக்க இரட்டை இலக்கத்தில் நிற்கும். ஆகவே சராசரியைப் பார்க்காமல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உள்ள சரிவைப் பாருங்கள்.

பற்சக்கரக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஏறலாம். பின்னால் 28 பல்தான் பெரியது என்றால் அதே வேகத்தில் நிமிடத்துக்கு 50 சுற்றுகூட வராது, முழங்காலில் வலி பிடிக்கும். சுமையோடு வருபவர்கள் பின்னால் 34க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் 28லிருந்து 32 மி.மீ. வரை. ஒல்லி டயர் இந்தச் சிறு சாலைகளின் சொரசொரப்பில் கையை உதறவைக்கும்.

பிரேக் கட்டையைக் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். இரண்டு ட்யூப், பம்ப், செயின் இணைப்பான் ஒன்று, கியர் கம்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உதிரி கிடைக்கும் கடை அடுத்த பள்ளத்தாக்கில்தான் இருக்கும்.

சட்டப்படி மணி வேண்டும், இருட்டிலும் மங்கலிலும் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். ஊர் எல்லைக்கு வெளியே இரவிலோ மூடுபனியிலோ ஓட்டினால் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம். 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை, இருந்தாலும் போடுங்கள். காதில் இயர்ஃபோன் கூடாது, மாட்டினால் 135 யூரோ அபராதம்.

## 6. வழிகளை இந்த வரிசையில் ஓட்டுங்கள்

எல்லாரும் வந்த மறுநாளே பா த பெய்ரோலுக்குக் கிளம்புவார்கள். அதைத் தள்ளிப்போடுங்கள். காற்று, தார், மாடு, பிரேக் எல்லாம் பழகிய பிறகு போனால் அதே கணவாய் சுலபமாக இருக்கும்.

முதல் நாள்: முராவிலிருந்து ப்ரா த பூக். தெற்கே அல்ப்பியேர் ஊர் வழியாக டி39 சாலையில் 1,392 மீட்டர் உயரக் கணவாய். சுமார் 12 கி.மீ., 500 மீட்டருக்குள் ஏற்றம். அல்ப்பியேருக்குப் பிறகு காடு, அப்புறம் சட்டென்று திறந்த புல்வெளி. மேலே போனதும் முடிவெடுங்கள். கால் நன்றாக இருந்தால் போலியாக் பக்கம் இறங்கி, பிளானெஸ் மேல் இருக்கும் வெள்ளைச் சாலைகளில் கிழக்காகச் சுற்றி முராவுக்கு வாருங்கள். காற்று பலமாக இருந்தால் வந்த வழியே திரும்புங்கள். பிளானெஸில் ஒதுங்க மரம் கிடையாது. எதிர்க்காற்றில் 20 கி.மீ. போவது ஒரு கணவாய் ஏறுவதற்குச் சமம்.

இரண்டாம் நாள்: முரா, தியென், பா த பெய்ரோல், அதே வழியில் திரும்புதல். முதலில் 1,210 மீட்டரில் ஆன்ட்ரமோன் கணவாய், அப்புறம் தியென் ஊருக்கு இறக்கம், பிறகு பள்ளத்தாக்கு நெடுக ஏற்றம். போக 25 கி.மீ. அளவுக்கு வரும், ஏற்றம் 800 மீட்டருக்கு மேல். கிழக்கிலிருந்து ஏறுவது மேற்கைவிட இளக்கமானது. அதனால்தான் முதல் முறை இந்தப் பக்கம். ஏழு மணிக்குக் கிளம்புங்கள். தியெனைத் தாண்டியதும் வலப்பக்கச் சரிவில் வெயில் விழும், இடப்பக்கம் நிழலாகவே இருக்கும். ஜூனில்கூட விரல் மரத்துப்போகும், மெல்லிய கையுறை வைத்துக்கொள்ளுங்கள்.

கணவாயிலிருந்து புய் மாரி உச்சிக்குப் படிகள் உண்டு, நடந்து அரை மணி நேரம். பெடலில் மாட்டும் காலணியோடு ஏற முயல வேண்டாம். படி வழுக்கும், காலணியின் அடிக்கட்டையும் தேயும். மேலே ஏறும் எண்ணம் இருந்தால் மெல்லிய செருப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது தியெனுக்குப் பிறகு ஆன்ட்ரமோனுக்கு மறுபடி 160 மீட்டர் ஏற வேண்டும். இதை மறந்து மேலேயே தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் ஓய்வு.

நான்காம் நாள்: ரயிலும் சைக்கிளும். இந்தப் பயணத்தின் சிறந்த நாள் இது என்பது என் கருத்து. காலை ரயிலில் முராவிலிருந்து ஒரியாக் போய்விடுங்கள். என்122இல் படவேண்டிய பாட்டை ரயில் பார்த்துக்கொள்ளும், சுரங்கப்பாதை உட்பட. ஒரியாக்கிலிருந்து டி17 ஜோர்தன் ஆற்றின் கூடவே மான்தாய் வரை சுமார் 25 கி.மீ. மெல்ல ஏறும். ஒரியாக்கை ஒட்டிய முதல் சில கிலோமீட்டரில் மட்டும் கார் இருக்கும், பிறகு குறைந்துகொண்டே வரும். மான்தாயில் பாட்டிலை நிரப்புங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். அங்கிருந்து ரெதோந்தே கணவாய்க்கு, 1,531 மீட்டர் வரை, சுமார் 10 கி.மீ. ஏற்றம். மரங்களுக்கு நடுவே தொடங்கி கொண்டை ஊசி வளைவுகளில் வெளியே வரும். ரெதோந்தேயிலிருந்து பா த பெய்ரோல் வரை மலைச் சரிவை ஒட்டியே போகலாம், பெரிய ஏற்றம் இல்லை. பிறகு உங்களுக்குத் தெரிந்த வழியில் தியென், முரா. மொத்தம் ஏறத்தாழ 60 கி.மீ., 1,200 மீட்டர் அளவுக்கு ஏற்றம்.

இதைத் தலைகீழாக, முராவிலிருந்து ஒரியாக் நோக்கி ஓட்டக்கூடாதா? ஓட்டலாம், ஏற்றமும் குறையும். ஆனால் மாலை ரயிலைப் பிடிக்கும் அவசரம் வரும். ரயில் காலையில், சைக்கிள் பிறகு என்று வைத்தால் தாமதத்தால் நஷ்டமில்லை.

ஐந்தாம் நாள், விரும்பினால்: பெர்த்துஸ். மான்தாய்க்கும் செர் பள்ளத்தாக்குக்கும் நடுவே உள்ள 1,309 மீட்டர் கணவாய். மான்தாய் பக்கம் 4.4 கி.மீ., சராசரி 7.9 சதவீதம். சாலை ஒடுக்கம், காடு அடர்த்தி. ஒரு முகட்டைத் தாண்டுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நல்ல இடம். தாண்டி இறங்கினால் செர் பள்ளத்தாக்கில் என்122 காத்திருக்கும். அங்கிருந்து அடுத்த ரயில் நிலையத்துக்கு எந்தச் சிறு சாலையில் போவது என்று முன்பே குறித்துக்கொள்ளாமல் இறங்காதீர்கள்.

சலேர்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வரி. சலேர்ஸிலிருந்து நேரோன் கணவாய், 1,242 மீட்டர், இளக்கமான ஏற்றம். அங்கிருந்து 100 மீட்டர் அளவுக்குக் கீழே இறக்கிவிட்டு, அப்புறம்தான் ஐந்தாம் பகுதியில் சொன்ன 5.4 கி.மீ. தொடங்கும்.

## 7. ஒரு நாளை நேரத்தால் பிரித்துக்கொள்ளுங்கள்

கார் எப்போது இருக்காது என்பது எங்கே இருக்காது என்பதற்குச் சமமான கேள்வி. அதிகாலை எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது மதியம். பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றே முக்கால் வரை பிரெஞ்சு கிராமப்புறம் சாப்பாட்டு மேசையில் இருக்கும். வேன், டிராக்டர், லாரி எல்லாம் நிற்கும். தவிர்க்கவே முடியாத மஞ்சள் சாலை ஒன்று வழியில் இருந்தால் அதை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

அதற்கு ஒரு விலை உண்டு. நீங்கள் ஓட்டி முடித்து ஊருக்குள் வரும்போது சமையலறையை மூடியிருப்பார்கள். ரொட்டிக் கடையும் மதியம் அடைத்திருக்கும், திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. காலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள். உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து வதக்கும் த்ருஃபாத் என்ற உள்ளூர்ப் பலகாரத்தை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு ஏற்றம் ஏறலாம் என்று நினைக்காதீர்கள்.

தண்ணீருக்கு ஊர் நடுவே நீரூற்றுகள் உண்டு. பலகையில் ஓ பொத்தாப்ல் என்றிருந்தால் குடிக்கலாம், பொத்தாப்லுக்கு முன் நோன் என்ற சொல் இருந்தால் குடிக்கக்கூடாது. நீரூற்று இல்லாத ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கல்லறைப் பூக்களுக்கு ஊற்ற வாசல் பக்கம் குழாய் வைத்திருப்பார்கள். அங்கேயும் பலகையைப் பார்த்துவிட்டே நிரப்புங்கள். புல்வெளியில் ஓடும் ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம், மேலே மாடு நிற்கும்.

## 8. இறக்கம்

அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

கோடையில் சிறு சாலைகளைச் செப்பனிட, தார் தெளித்து அதன் மேல் சில்லிக்கல்லைக் கொட்டிவிடுவார்கள். வண்டிகள் ஓடி ஓடித்தான் அது அழுந்தும். வண்டி குறைவான சாலையில் அது அழுந்தவே நாளாகும், அதாவது உங்களுக்குப் பிடித்த சாலையில். கிராவியோன் என்ற எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சக்கரத் தடம் இரண்டிலும் கல் அழுந்திக் கருப்பாக இருக்கும், நடுவிலும் வளைவின் வெளி ஓரத்திலும் சாம்பல் நிறத்தில் குவிந்திருக்கும். கருப்புத் தடத்திலேயே ஓட்டுங்கள். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்து மாறுங்கள்.

மாடு வெளியேறாமலிருக்கச் சாலை குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருக்கும் இடங்கள் வரும். கைப்பிடியை நேராக வைத்து, பெடல்களைச் சமமாக நிறுத்தி, இருக்கையிலிருந்து லேசாக எழுந்து செங்கோணத்தில் கடக்கவும். மழையில் அந்தக் குழாய்கள் சோப்பு தடவியது போலிருக்கும். ஈரமானால் இறங்கித் தள்ளுவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

மாடுகள் சாலையில் நின்றால் நில்லுங்கள். நீண்ட கொம்பு, செம்பழுப்பு முடி உள்ள சலேர்ஸ் மாடுகள் பார்க்கத்தான் பயமாக இருக்கும், பொதுவாகச் சாது. ஆனால் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே மட்டும் புகாதீர்கள். மணியடிக்காமல் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடந்து கடங்கள்.

பிரேக்கை நீளமாகப் பிடித்துக்கொண்டே இறங்குவது இன்னொரு பழக்கம். விளிம்பு பிரேக்கானால் சக்கர விளிம்பு சூடேறும், தட்டு பிரேக்கானால் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுதாக விடுங்கள். இடைவெளியில் ஆறட்டும்.

கிளம்பும் முன் மேலேயே காற்றுத் தடுப்புச் சட்டையைப் போட்டுவிடுங்கள். முராவைவிட பா த பெய்ரோலில் 4 டிகிரி வரை குறைவாக இருக்கும், அதோடு வியர்வை, வேகக் காற்று. குளிரத் தொடங்கிய பிறகு நின்று போட்டால் விரல் மரத்து, பிரேக் பிடிக்கும் பலம் இருக்காது.

## 9. திரும்பும் முடிவை முன்பே எடுங்கள்

கோடையில் மதியத்துக்கு மேல் இடி மேகம் கட்டும். மேற்கிலிருந்து கடல் காற்று முட்டும் முதல் பெரிய உயரம் இந்த எரிமலைதான், அதனால் மேகம் இங்கே வேகமாகத் திரளும். காலையில் மெத்தியோ-ஃபிரான்ஸ் எச்சரிக்கை வரைபடத்தைப் பாருங்கள். கான்தால் மேல் இடிக்கு ஆரஞ்சு நிறம் இருந்தால் முகட்டுப் பக்கம் போக வேண்டாம். மஞ்சள் என்றால் பகல் ஒரு மணிக்குள் கணவாயைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு இன்னும் மரக்கோட்டுக்குக் கீழேயே இருந்தால், மேலே வெயில் அடித்தாலும் திரும்பிவிடுங்கள்.

ரூத் பாரே என்ற பலகை வந்தால் சாலை அடைப்பு. சைக்கிள்தானே, புகுந்து போய்விடலாம் என்று தோன்றும். சில நேரம் போகலாம். பாலம் இல்லாமலிருந்தால் ஏறிய அத்தனையையும் மறுபடி இறங்க வேண்டும். பலகையில் எத்தனை கிலோமீட்டரில் அடைப்பு என்று எழுதியிருந்தால் அந்த இடத்துக்கு முன் வேறு சாலை பிரிகிறதா பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அவசரத்துக்கு 112. நீங்கள் இருக்கும் சாலையின் எண்ணையும், கடைசியாகத் தாண்டிய ஊர்ப் பெயரையும் சொன்னால் போதும், அதனால் ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் ஓட்டத்திலேயே ஒரு பார்வை பார்த்து வையுங்கள். நடக்க முடிகிறது, வண்டிதான் ஓடவில்லை என்றால் பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கமாக இறங்குங்கள். செர், அலஞோன் இரண்டு பள்ளத்தாக்கிலும் ரயில் பாதை உண்டு. ஜோர்தன், மார்ஸ் பள்ளத்தாக்குகளில் கிடையாது, அங்கே போகும் நாளில் உள்ளூர் டாக்ஸியின் எண்ணைத் தங்குமிடத்தில் கேட்டு வாங்கி, பெரிய வண்டியா, சைக்கிள் ஏறுமா என்பதையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.